நாற்பது பக்க நோட்டுக்கு ஒரு வக்காலத்து



ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று பேரவைச் செயலாளர் கேட்டார். என்ன எழுதுவது என்றேன். "கவிதை மட்டும் வேணாம் மாப்ள, ஏற்கெனவே குமிஞ்சு கெடக்கு. கருத்தா ஏதாவது எழுது" என்றார். கருத்து சொல்கிற வயசா நமக்கு என்று முதலில் தயங்கினேன். ஆனாலும் ஒன்றரை வருஷமாக மனசில் கிடந்து உறுத்துகிற விஷயம் ஒன்று உண்டு. அதையே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

விஷயம் இதுதான். டைரி எழுதுகிறவர்கள் போனில் எழுதாதீர்கள், நோட்டில் எழுதுங்கள். டைரியே எழுதாதவர்கள் இன்றைக்குச் சாயங்காலம் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போகும்போது ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள்.

"என்னடா இவன், மெக்கானிக்கல் மூணாம் வருஷம் படிச்சிட்டு, ஓலைச்சுவடி காலத்துக்குப் போகச் சொல்றான்" என்று நீங்கள் சிரிப்பது கேட்கிறது. நான் போனுக்கு எதிரி இல்லை. ஸ்காலர்ஷிப்புக்கு விண்ணப்பிப்பதும், பழைய கொஸ்டின் பேப்பர் தேடுவதும், அரியர் ரிசல்ட் பார்த்து அதிர்ச்சி அடைவதும் எல்லாம் போனில்தான். அந்த உபகாரத்தை நான் மறக்கவில்லை. அன்றன்றைக்கு நம் வீட்டிலும் மனசிலும் நடந்ததை எழுதி வைக்கிற அந்த ஒரே ஒரு காரியத்தை மட்டும் காகிதத்திடம் ஒப்படையுங்கள் என்கிறேன். இதைப் புத்தகம் படித்துச் சொல்லவில்லை. நஷ்டப்பட்டுச் சொல்கிறேன்.

பதினாலு மாசம் போன கதை

2023 ஜூலையில் முதல் வருஷம் சேர்ந்ததும் அப்பா சிங்கப்பூரிலிருந்து ஒரு போன் அனுப்பினார். புதுப் போன், புதுக் கல்லூரி, புது வாழ்க்கை! டைரி எழுதுகிற ஆப் ஒன்றை இறக்கினேன். அதில் போட்டோ வைக்கலாம், குரல் பதிவு செய்யலாம். இன்றைக்கு மனசு எப்படி என்பதற்குச் சிரிச்ச மூஞ்சி, அழுத மூஞ்சி எல்லாம் உண்டு. ரகசியமாகப் பூட்டும் போட்டு வைக்கலாம். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

எங்கள் ஊர் கீரமங்கலத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். தினம் காலையில் ஆலங்குடி வழியாகப் புதுக்கோட்டைக்கு பஸ், சாயங்காலம் அதே வழியில் திரும்ப வேண்டும். ராத்திரி சாப்பிட்டுவிட்டுத் திண்ணையில் அப்பத்தா பக்கத்தில் உட்காருவேன். அது பழைய கதை சொல்லும். கல்யாணமாகி மாட்டு வண்டியில் வந்து இறங்கியது, கிணறு வெட்டும்போது பாறை வந்தது, பலாப்பழம் சுமந்து சந்தைக்குப் போனது, என் அப்பா பிறந்த அன்றைக்குப் பெய்த மழை. நான் பாதியைக் கட்டை விரலால் தட்டி வைப்பேன். மீதியைக் குரலாகவே பதிவு செய்துவிடுவேன். "என்னப்பு, நான் பேசுறதெல்லாம் அந்தப் பொட்டிக்குள்ள போயிருமா?" என்று கேட்கும். "போயிரும் அப்பத்தா, பத்திரமா இருக்கும்" என்பேன்.

2024 ஆவணியில் அப்பத்தா இறந்துபோனது. அதற்கப்புறமும் ஒரு மாசம் எழுதினேன். தீபாவளிக்கு முன்னால் ஒரு மழை நாளில் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது போன் கைநழுவித் தண்ணீரில் விழுந்தது. கடையில் கொடுத்தேன். "தம்பி, சாஃப்ட்வேர் புதுசாப் போட்டாத்தான் ஓடும். உள்ள இருக்கறது அழிஞ்சிரும். பேக்கப் இருக்குல்ல?" என்று கேட்டார். "இருக்குண்ணே" என்று தைரியமாகச் சொன்னேன். உண்மையிலேயே இருந்தது. எங்கே என்றுதான் தெரியாது. மேலே எங்கேயோ மேகத்துக்குள்ளே இருந்தது!

போன் உயிர் பெற்று வந்தது. டைரியைத் திறக்கப் போனால் பழைய நம்பருக்கு ஓ.டி.பி. அனுப்பியிருக்கிறோம் என்கிறது. அந்தப் பழைய சிம்முக்கு ரீசார்ஜ் பண்ணாமல் விட்டு வெகுநாள் ஆகிவிட்டது. கம்பெனிக்காரர்கள் அந்த நம்பரை வேறு ஒருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். அதற்குப் போன் போட்டேன். யாரோ ஒரு அண்ணன் எடுத்தார். "அண்ணே, உங்க போனுக்கு ஆறு நம்பர் ஒண்ணு வந்திருக்கும், கொஞ்சம் சொல்லுங்கண்ணே" என்றேன். அவர் என்னைத் திட்டிய திட்டை இந்த மலரில் அச்சடிக்க முடியாது. "ஓ.டி.பி.யா கேக்குற? சைபர் கிரைம்ல சொல்லி உள்ள வச்சிருவேன்" என்று வைத்துவிட்டார். அவர் மேல் தப்பே கிடையாது. ஓ.டி.பி.யை யாருக்கும் சொல்லாதீர்கள் என்று தினமும் நம் காதில் ஓதுகிறார்களே, அதைத்தான் அவர் செய்தார்.

பதினாலு மாசம் அதோடு போயிற்று. கவனமில்லாமல் இருந்தது நான்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். நான் எழுதியதை, என் அப்பத்தா பேசியதை, நானே திரும்பப் படிப்பதற்கு முன்பின் தெரியாத ஒருவரிடம் ஆறு இலக்கத்துக்குக் கெஞ்ச வேண்டியிருந்தது. அப்படியானால் அது யாருடைய டைரி? என்னுடையது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான்.

ட்ரங்குப் பெட்டியில் இருந்தது

அப்பத்தா பள்ளிக்கூடம் போனதில்லை. 1991-ல் நம் மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்ததே, அதில்தான் எழுத்துக் கற்றுக்கொண்டது. அப்போது அதற்கு வயசு முப்பத்தேழு, மூணு பிள்ளைக்குத் தாய். நம்மில் பலருக்கு இந்தக் கதை தெரியாது என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். ஷீலாராணி சுங்கத் மாவட்ட ஆட்சியராக இருந்த காலம். சம்பளம் வாங்காத தொண்டர்கள் ராத்திரி நேரத்தில் ஊர் ஊராக வகுப்பு எடுத்தார்கள். நடவுக்கும் களை எடுக்கவும் கல் உடைக்கவும் போய் வந்த பெண்கள் அரிக்கேன் விளக்கு வெளிச்சத்தில் அ, ஆ எழுதினார்கள். கூடவே சைக்கிளும் கற்றுக்கொண்டார்கள். ஆயிரக்கணக்கில் பெண்கள் சைக்கிள் ஓட்டிய அதிசயத்தைப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதி, புதுக்கோட்டையின் பெயர் வெளிநாடு வரைக்கும் போனது.

அப்பத்தாவுக்குச் சைக்கிள் வரவில்லை. ரெண்டு தடவை வேலியில் விழுந்து விட்டுவிட்டது. எழுத்து மட்டும் ஒட்டிக்கொண்டது. அங்கே கொடுத்த நோட்டில் தொடங்கி, அதற்கப்புறம் சாகும்வரை கணக்கு நோட்டு எழுதியது. வீட்டில் எல்லோருக்கும் தெரியும், ஆனால் யாரும் புரட்டிப் பார்த்ததில்லை. பால் கணக்கு, கூலிக் கணக்கு, அவ்வளவுதானே என்று விட்டுவிட்டோம்.

என் போன் கதை முடிந்த பிறகுதான் ஒரு ஞாயிற்றுக்கிழமை அதன் ட்ரங்குப் பெட்டியைத் திறந்தேன். முப்பத்தொரு நோட்டு. அடியில் கிடந்த முதல் நோட்டின் முதல் பக்கம் முழுக்க அதன் பெயர் மட்டும்தான். முதல் வரியில் எழுத்து ஒவ்வொன்றும் புளியங்கொட்டை பருமன். கடைசி வரியில் கொஞ்சம் ஒழுங்காகி இருக்கிறது. அதுவரைக்கும் கைநாட்டு வைத்த ஒரு மனுஷி கையெழுத்துப் போடப் பழகிய பக்கம் அது.

மேலே வரவர விஷயம் வருகிறது. "மழ ரெண்டு ஒழவு." "பாலு 3 லிட்டரு." "சின்னவனுக்கு காச்ச. பள்ளிகூடம் போகல." அந்தச் சின்னவன் நான்தான். எந்த வருஷம் எந்த வயலில் என்ன போட்டோம், யார் வீட்டுக் கல்யாணத்துக்கு எவ்வளவு மொய், எந்த மாடு எப்போது ஈன்றது எல்லாம் இருக்கிறது. எழுத்துப் பிழைக்குப் பஞ்சமில்லை. உண்மைக்கும் பஞ்சமில்லை.

2018 நோட்டு மட்டும் உப்பிப்போய் இருந்தது. பக்கங்களில் பழுப்புக் கறை. அதைப் பார்த்ததும் எனக்கு ஞாபகம் வந்துவிட்டது. கஜா புயல்!

அந்தப் பேரைச் சொன்னால் நம் மாவட்டத்துக் கிழக்குப் பக்கத்துக்காரர்களுக்கு இன்றைக்கும் வயிறு கலங்கும். 2018 நவம்பர் 16 விடியற்காலை. கீரமங்கலம், வடகாடு, கொத்தமங்கலம், கறம்பக்குடி, கந்தர்வகோட்டை என்று எங்கே பார்த்தாலும் தென்னையும் பலாவும் வாழையும் தரையோடு தரை. நான் ஆறாம் வகுப்பு. ஓடு பறந்து வீட்டுக்குள் மழை கொட்டியது. கரண்டு கம்பம் எல்லாம் சாய்ந்து, எங்கள் ஊருக்கு மின்சாரம் திரும்ப வர ஒரு மாசம் ஆயிற்று. அப்பா சிங்கப்பூரிலிருந்து போன் போட்டுப் போட்டுப் பார்த்திருக்கிறார். டவரும் இல்லை, சார்ஜும் இல்லை. வீட்டில் இருந்த ரெண்டு போனும் வெறும் கண்ணாடித் துண்டு. அப்பத்தா நனைந்த நோட்டைக் கொடியில் துணி மாதிரி காயப் போட்டிருந்தது. நான் அதைப் பார்த்துச் சிரித்தேன். ஏழு வருஷம் கழித்து அதே பக்கத்தை விரித்துப் படிக்கிறேன்:

"காத்து வெடியகாலம் 3 மணிக்கி. தென்ன 43 சாஞ்சிருச்சு. பலா 6. மாட்டுகொட்டா போச்சு. எல்லாரும் இருக்கோம்."

நிவாரணத்துக்கு மரக் கணக்கு எடுக்க ஆள் வந்தபோது, பாதை மறித்துக் கிடந்த மரங்களை முன்னமே அறுத்து ஒதுக்கிவிட்டோம். அப்பத்தா இந்த நோட்டைத்தான் நீட்டியது. வரப்பு வாரியாக எண்ணி எழுதியிருந்தது. வந்தவர் வாங்கிப் பார்த்துவிட்டு "நீங்களே எழுதுனதா ஆத்தா?" என்று கேட்டாராம். அதற்கு அப்பத்தா "பின்ன, கவர்னரா வந்து எழுதுனாரு?" என்றதாம். இது எங்கள் ஊரில் ரொம்ப நாள் பேச்சாக இருந்தது.

கடைசி நோட்டு 2024. தை மாசத்துக்குப் பிறகு எழுத்து கோடு தாண்டிச் சரிகிறது. ஆனியில் ரெண்டு ரெண்டு வார்த்தைதான். கடைசிப் பக்கத்தில் தேதி மட்டும் போட்டிருக்கிறது, விஷயம் எழுதவில்லை. கை நடுங்கியதை, கண் மங்கியதை அந்த எழுத்தே சொல்கிறது. நண்பர்களே, எந்தப் போனில் இருக்கிற எந்த எழுத்துருவும் இதைச் சொல்லாது. நல்லா இருக்கும்போது அடித்தாலும் சாகக் கிடக்கும்போது அடித்தாலும் 'அ' ஒரே 'அ'தான்.

பெரிய மனிதர்களும் இதைத்தான் செய்தார்கள்

இது எங்கள் வீட்டுக் கதை மட்டும் என்று தள்ளிவிடாதீர்கள். புதுச்சேரியில் ஆனந்தரங்கப் பிள்ளை என்று ஒருவர் இருந்தார். டூப்ளே ஆளுநராக இருந்தபோது தலைமைத் துபாஷி. பகலெல்லாம் பிரெஞ்சுக்காரர்களோடு வியாபாரமும் அரசியலும் பேசிவிட்டு, தினசரி நடந்ததைத் தமிழில் எழுதி வைத்தார். 1736-ல் தொடங்கி 1761 ஜனவரியில் இறக்கும்வரை, இருபத்தைந்து வருஷம்! கப்பல் வந்தது, துணி விலை, 1746-ல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்தது, யார் யாரோடு சண்டை, ஊர் வதந்தி எல்லாம் அதில் உண்டு. அவர் இறந்து எண்பத்தைந்து வருஷம் கழித்து, 1846-ல், கலுவா மொம்பிரேன் என்ற பிரெஞ்சுக்காரர் அவர் வீட்டில் அந்தச் சுவடிகளைக் கண்டுபிடித்தார். 1904-லிருந்து 1928 வரைக்கும் அது ஆங்கிலத்தில் பன்னிரண்டு தொகுதியாக வந்தது. எழுத்தாளர் பிரபஞ்சன் 'மானுடம் வெல்லும்', 'வானம் வசப்படும்' என்ற நாவல்களை இந்த டைரியை ஆதாரமாக வைத்தே எழுதினார். இரண்டாவது நாவலுக்கு 1995-ல் சாகித்திய அகாதமி விருது கிடைத்தது.

எண்பத்தைந்து வருஷம் யாரும் தொடாமல் கிடந்த ஒரு போனை எடுத்து யாராவது படிக்க முடியுமா? பாட்டரி உப்பி வெடிக்காமல் இருந்தாலே பெரிசு.

நாம் தொழில்நுட்பம் படிக்கிறவர்கள். அதனால் இன்னொரு உதாரணமும் நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். இங்கிலாந்தில் 1086-ல் ராஜா உத்தரவுப்படி நாட்டின் நிலம், மாடு, ஆள் எல்லாம் கணக்கெடுத்துத் தோலில் எழுதினார்கள். டூம்ஸ்டே புத்தகம் என்று பேர். அதன் 900-ஆவது ஆண்டையொட்டி 1986-ல் பி.பி.சி. நிறுவனம் பத்து லட்சம் பேருக்கு மேல் சேர்த்து, அதே மாதிரி ஒரு கணக்கை லேசர் டிஸ்க்கில் பதிவு செய்தது. பதினைந்து வருஷத்துக்குள் அந்த டிஸ்க்கைப் படிக்கிற மெஷினே அரிதாகிப்போய், ஆராய்ச்சியாளர்கள் தனியாக முயற்சி எடுத்துத்தான் அதை மீட்க வேண்டி வந்தது. 1086-ல் எழுதிய புத்தகமோ இன்றைக்கும் லண்டனில் இருக்கிறது. படிப்பதற்குக் கண்ணும் அந்த மொழியும் தெரிந்தால் போதும்.

அவ்வளவு தூரம் போவானேன்? ஆர்குட் 2014 செப்டம்பர் 30-ல் மூடப்பட்டது. கூகுள் பிளஸ் 2019 ஏப்ரலில் போயிற்று. 2020 ஜூன் 29 ராத்திரி டிக்டாக் தடை வந்தபோது நான் ஏழாம் வகுப்பு முடித்திருந்தேன். எங்கள் ஊரில் ஒரு அக்கா வயல் வேலை, சமையல், பிள்ளை நடக்கப் பழகியது என்று தினமும் அதில் போட்டு வைத்திருந்தார். அந்த அக்காவுக்கு அதுதான் டைரி. தடை சரியா தப்பா என்ற வாதத்துக்குள் நான் போகவில்லை. ஒருவருடைய ரெண்டு வருஷ வாழ்க்கை ஒரே ராத்திரியில் கைக்கெட்டாமல் போனதை மட்டும் சொல்கிறேன்.

அப்சர்வேஷனும் ரெக்கார்டும்

"பேக்கப் எடுத்து ஒழுங்கா வச்சிருந்தா போன்லயும் பத்திரமாத்தானே இருக்கும்?" என்று கேட்பீர்கள். சரியான கேள்வி. தொலைந்துபோவது ஒரு பக்கம். அதைவிட முக்கியமான இன்னொரு காரணம் எனக்கு நம் பட்டறையில்தான் புரிந்தது.

நம்மிடம் ரெண்டு நோட்டு உண்டு. ஒன்று அப்சர்வேஷன், இன்னொன்று ரெக்கார்டு. அப்சர்வேஷனில் கிரீஸ் கறை இருக்கும், அடித்தல் திருத்தல் இருக்கும். டர்னிங் பண்ணிய ஜாப்பை மைக்ரோமீட்டரில் பிடித்தால் 24.86 வந்திருக்கும், அதை அப்படியே எழுதியிருப்போம். ரெக்கார்டில்? எல்லோருக்கும் சொல்லி வைத்த மாதிரி 25.00! ஸ்கேல் வைத்துக் கோடு, ஸ்கெட்ச் பேனாவில் தலைப்பு, ஒரு கறை கிடையாது. மார்க் வாங்குவது ரெக்கார்டு. தொழில் கற்றுக் கொடுப்பது எது என்று நமக்கே தெரியும். 0.14 மில்லிமீட்டர் ஏன் குறைந்தது என்று கண்டுபிடிக்கிறவன்தான் நாளைக்கு நல்ல டர்னர்.

போனில் எழுதுகிற டைரி மெல்ல மெல்ல ரெக்கார்டு நோட்டாகிவிடுகிறது. நான் அனுபவித்ததைச் சொல்கிறேன். கோபத்தில் ஒரு வரி அடிப்பேன். திரும்பப் படித்து அழித்துவிடுவேன். அழித்த இடமே தெரியாது. நாலு நாள் கழித்துப் போய்ப் பழைய பக்கத்தையும் நல்லபிள்ளை மாதிரி மாற்றி வைப்பேன். நல்ல வரி ஒன்று வந்துவிட்டால் ஸ்டேட்டஸில் போடத் தோன்றும். அப்புறம் ஸ்டேட்டஸுக்காகவே எழுதத் தோன்றும். நடுவில் மேலேயிருந்து ஒரு மெசேஜ் வந்து விழும், அதற்குப் பதில் போடப் போனவன் ஒரு மணி நேரம் ரீல்ஸ் பார்த்துவிட்டுத் தூங்கிப்போவேன்.

நோட்டில் அடித்தால் அடித்த கோடு நிற்கும். "இன்னைக்கு அம்மாகிட்ட கத்துனது தப்பு" என்று எழுதி, மானம் போகுதே என்று அடித்துவிட்டால், அடித்ததும் சேர்ந்து அங்கேயே இருக்கும். ஆறு மாசம் கழித்து அந்தக் கோடு நம்மைப் பார்த்துச் சிரிக்கும். நாம் யார் என்று நமக்குத் தெரிய வேண்டுமானால் 24.86-ஐ 24.86 என்றே எழுதி வைக்க வேண்டும்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. கைநாட்டிலிருந்து கையெழுத்துக்கு வர எங்கள் அப்பத்தா தலைமுறை பட்ட பாடு கொஞ்சமில்லை. பேரன்களாகிய நாம் என்ன செய்கிறோம்? போனைத் திறக்கவும் பெருவிரல், எழுதவும் பெருவிரல். மறுபடியும் கைநாட்டுக்கே திரும்பிக்கொண்டிருக்கிறோம்!

எதிர்க்கட்சிக்கும் நேரம் கொடுப்போம்

பேரவைக் கூட்டத்தில் மாதிரி எதிர்க் கருத்தையும் கேட்க வேண்டும் அல்லவா? ஹாஸ்டல் நண்பர்களிடம் இதைப் பேசியபோது வந்த கேள்விகள் இவை.

முதல் கேள்வி: "நோட்டை எவனாச்சும் எடுத்துப் படிச்சிட்டா?" இது நியாயமான பயம். முக்கியமாக நம் வகுப்புத் தோழிகள் சிலர் சொன்னார்கள், வீட்டில் அண்ணன் தம்பி எடுத்துப் படிப்பார்கள் என்று. அதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. பெட்டிக்குப் பூட்டுப் போடலாம், பெயர்களுக்கு முதல் எழுத்து மட்டும் போடலாம். நிஜமாகவே ஆபத்து வரும் என்றால் பூட்டுப் போட்ட போனே மேல், நான் மறுக்கவில்லை. ஆனால் நம்மில் பலர் வீட்டில் போன் பாஸ்வேர்டும் எல்லோருக்கும் தெரியும் என்பதையும் மறந்துவிடக் கூடாது.

ரெண்டாவது: "கரையான் அரிச்சா? நெருப்புப் பிடிச்சா?" உண்மைதான். ஆனந்தரங்கப் பிள்ளை டைரியிலேயே சில பகுதிகள் கிடைக்கவில்லை. காகிதம் சாகாவரம் வாங்கியதல்ல. ஆனால் காகிதம் சாகும்போது கொஞ்சம் கொஞ்சமாகச் சாகும். ஓரம் அரித்தால் நடு மிஞ்சும். போனில் போனால் மொத்தமாகப் போகும்.

மூணாவது: "தேடணும்னா?" போனில் ஒரு வார்த்தை போட்டால் வந்துவிடும், நோட்டில் புரட்ட வேண்டும். இது போனுக்கு வெற்றி, கொடுத்துவிடுகிறேன். ஆனால் புரட்டும்போதுதான் தேடாதது கிடைக்கிறது. பலா விலை தேடப் போன எனக்கு 2023 ஜூலைப் பக்கத்தில் கிடைத்தது இது: "அப்பு பாலிடெக்னிக் சேந்துருச்சு. பீசு கட்டியாச்சு. சந்தோசம்." நான் தேடியிருந்தால் கிடைத்திருக்காது. இப்படி ஒரு வரி இருக்கிறது என்றே எனக்குத் தெரியாதே!

நாலாவது: "கையால எழுதுனாத்தான் மனசுல நிக்கும்னு ஆராய்ச்சி சொல்லுதாமே?" என்று எனக்கு ஆதரவாகவே ஒருவன் கேட்டான். அமெரிக்காவில் 2014-ல் முல்லர், ஒப்பன்ஹைமர் என்ற இருவர், லேப்டாப்பில் குறிப்பு எடுத்தவர்களைவிடக் கையால் எடுத்தவர்கள் கருத்துக் கேள்விகளுக்கு நன்றாகப் பதில் சொன்னதாக எழுதினார்கள். ஆனால் பிற்பாடு மற்றவர்கள் அதே சோதனையைச் செய்தபோது அவ்வளவு திடமாக வரவில்லை. ஆகவே அதை நான் சாட்சிக்குக் கூப்பிடவில்லை. எழுதுவதால் மனசுக்கு நல்லது என்பதற்கு 1986-ல் பென்னிபேக்கர் என்ற உளவியல் பேராசிரியர் செய்த சோதனை பிரபலம். மாணவர்களை நாலு நாள், தினம் பதினைந்து நிமிஷம், மனசை வாட்டிய விஷயத்தை எழுதச் சொன்னார். அப்படி எழுதியவர்கள் அடுத்த மாதங்களில் ஆஸ்பத்திரிப் பக்கம் குறைவாகப் போனார்கள் என்று கண்டார். பதினைந்து நிமிஷம்தான் நண்பர்களே! அரியர் வைத்த அன்றைக்கு, பஸ் பாஸ் தொலைந்த அன்றைக்கு, வீட்டில் காசு இல்லாத அன்றைக்கு யாரிடமும் சொல்ல முடியாமல் நாம் உட்கார்ந்திருப்பதற்கு அது எவ்வளவோ மேல்.

எப்படி எழுதலாம்?

ரொம்பச் செலவில்லை, ரொம்பத் திறமையும் வேண்டாம். என் அனுபவத்தில் கண்டதைச் சொல்கிறேன்.

விலை உயர்ந்த டைரி வாங்காதீர்கள். அழகான டைரியில் அசிங்கமான கையெழுத்தில் எழுத மனசு வராது, அப்படியே கிடக்கும். நாற்பது பக்க நோட்டு போதும். சீக்கிரம் தீரும், ஒன்று முடித்த திருப்தி கிடைக்கும்.

ஜெல் பேனா, இங்க் பேனா வேண்டாம். தண்ணீர் பட்டால் பெரும்பாலும் கரைந்து ஓடிவிடும். பால்பாயிண்ட் மை எண்ணெய்ப் பசை உள்ளது, நனைந்தாலும் பெரும்பாலும் நிற்கும். அப்பத்தாவின் கஜா பக்கம் தப்பியதற்குக் காரணம் அந்தச் சாதாரணப் பேனாதான்.

தேதி, கிழமை, ஊர் போடுங்கள். ஏதாவது ஒரு எண் எழுதுங்கள்: மழை எத்தனை உழவு, டீ என்ன விலை, எத்தனை மணி பஸ். பஸ் டிக்கெட்டை ஞாபகத்துக்கு ஒட்டி வைக்கிற நண்பர்களுக்கு ஒரு எச்சரிக்கை. மெஷினில் வரும் டிக்கெட் சூட்டினால் அச்சாவது, கொஞ்ச காலத்தில் வெளுத்து வெள்ளைக் காகிதமாகிவிடும். பக்கத்தில் கையால் எழுதிவிடுங்கள்.

முடிந்த நோட்டைத் தகரப் பெட்டியில் வையுங்கள், தரையில் வைக்காதீர்கள். கொஞ்சம் வசம்பு, காய்ந்த வேப்பிலை போட்டால் பூச்சி அண்டாது என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். வேண்டுமானால் மாசம் ஒரு தடவை பக்கங்களைப் போனில் போட்டோ எடுத்து வையுங்கள். டிராயிங் வகுப்பில் சொல்வார்களே, டிரேசிங்தான் மூலம், புளூ பிரிண்ட் நகல் என்று. அந்த மாதிரி நோட்டு மூலமாக இருக்கட்டும், போன் நகலாக இருக்கட்டும். நகல் போனால் இன்னொன்று எடுத்துக்கொள்ளலாம்.

எழுதி வைப்பதில் நாம் புது ஆட்களும் இல்லை. சித்தன்னவாசல் ஏழடிப்பட்டத்தில் இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்தைய தமிழி எழுத்து இருக்கிறது. குடுமியான்மலையில் சங்கீதத்தையே பாறையில் வெட்டி வைத்தார்கள். திருக்கோகர்ணத்தில் ஆசிரியர் பா. கிருஷ்ணமூர்த்தியும் டோரதி அம்மையாரும் வாழ்நாள் முழுக்கச் சேர்த்த ஞானாலயா நூலகம் இருக்கிறது. பழைய புத்தகமும் பத்திரிகையும் அங்கே லட்சத்தைத் தொடுகிறது. ஒரு நாள் போய் அந்தக் காகித வாசனையை முகர்ந்துவிட்டு வாருங்கள். எழுதுவதும் சேர்த்து வைப்பதும் இந்த மண்ணில் பழகிய காரியம்.

முடிக்கும் முன்

இந்த வருஷத்தோடு நாம் பிரிகிறோம். கேம்பஸில் தேறியவர்கள் ஓசூர், ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் என்று போவோம். சிலர் சிங்கப்பூர் போவோம், சிலர் லேட்டரல் என்ட்ரியில் பி.இ. சேர்வோம். வாட்ஸ்அப் குரூப் ஆரம்பித்தாயிற்று. ஆறு மாசத்துக்கு அதில் "மிஸ் யூ மச்சான்" வரும், அதற்கப்புறம் பண்டிகை வாழ்த்து மட்டும் வரும். போன் மாற்றுவோம், நம்பர் மாற்றுவோம். நம் கேன்டீன் சண்டையும், பட்டறையில் உடைத்த டூல் பிட்டும், வைவாவில் உளறியதும் எங்கே இருக்கப்போகிறது?

நான் 2024 கார்த்திகையிலிருந்து நோட்டில் எழுதுகிறேன். இப்போது ஏழாவது நோட்டு. அப்பத்தா திண்ணையில் சொன்ன கதைகளில் ஞாபகம் இருந்த வரைக்கும் முதல் ரெண்டு நோட்டில் எழுதிவிட்டேன். கிணற்றில் பாறை வந்த கதை முழுசாக வந்தது. என் அப்பா பிறந்த அன்றைக்குப் பெய்த மழைக் கதையில் பாதிதான் ஞாபகம் இருக்கிறது. மீதியைக் கேட்க ஆள் இல்லை. அந்த இடத்தில் அரைப் பக்கம் காலியாக விட்டு வைத்திருக்கிறேன்.

உங்கள் வீட்டில் அப்பத்தா, அம்மாச்சி, தாத்தா யாராவது இருந்தால் இன்றைக்கு ராத்திரி ஒரு நோட்டோடு போய்ப் பக்கத்தில் உட்காருங்கள். யாரும் இல்லை என்றால் உங்களைப் பற்றி எழுதுங்கள். ஒன்றுமே எழுதத் தோன்றாத நாளில் தேதியைப் போட்டு, அதன் கீழே எங்கள் அப்பத்தா எழுதிய அந்த ரெண்டு வார்த்தையை எழுதினாலும் போதும்: எல்லாரும் இருக்கோம்.



— மூன்றாம் ஆண்டு மாணவன், இயந்திரவியல் துறை